மேல்தட்டுக்கு டிக்கெட் எடுத்த அம்மாள்

மலாயாவில், கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் துறைமுகத்தில், ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் இளைய கிராணியாக வேலை பார்த்தேன். குமாஸ்தாவை அந்த நாளில் கிராணி என்றுதான் சொல்வோம். வீடு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர் என்பதால் எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. விடியற்காலை ரயிலில் துறைமுகத்துக்குப் போய், சாயங்கால ரயிலில் திரும்புவேன். இது நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் ஏஜென்சிக்கு வரும் கப்பல்களில் ஒன்று சின்னது. பினாங்கில் புறப்பட்டு எங்கள் துறைமுகம், மலாக்கா, சிங்கப்பூர் என்று போய், அதே வழியில் திரும்பும். கீழ்த்தளத்தில் ரப்பர், தகரம், ஆடு, தோட்டத்துக்குப் போகிற ஜனங்கள். மேல்தட்டில் பன்னிரண்டு அறைகள். அந்த அறைகளில் முன்பெல்லாம் தோட்டத் துரைகள்தான் வருவார்கள். பிறகு கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா ஊர் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் டிக்கெட் விற்கலாம். கப்பல் நிற்கும் இடங்களில் இறக்கி, காரில் ஏற்றி, பார்க்க வேண்டியதைக் காட்டி, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கலாம். அதற்கு ஒரு தாள் அச்சடித்தார்கள். எங்கள் துறைமுகத்துக்கு அந்தத் தாளில் ஆறு வரிகள் இருந்தன. கிள்ளானில் சுல்தான் மாளிகையை வெளியே நின்று பார்ப்பது. கோலாலம்பூர் ரயில் நிலையம். ஏரித் தோட்டம். மியூசியம். பத்துமலைக் குகை. கடைசியாக, நகரத்தில் ஒரு கிளப்பில் தேநீர்.

மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் ஓரளவு நன்றாக வரும். அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. மாதத்துக்கு இரண்டு முறை, நான்கு கார்களில் துரைகளையும் துரைசானிகளையும் கூட்டிக்கொண்டு போவேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். தெரியாததற்கும் சொல்வேன். குகைக்கு எத்தனை வயது என்று கேட்டால், முகத்தைப் பார்த்து அவர்களுக்குப் பிடிக்கும்படி ஒரு வயது சொல்வேன். இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அந்தக் கப்பலின் மேல்தட்டில் நான் ஏணிப்படி முடிகிற இடத்தைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை.

ஒரு முறை கப்பல் வந்தபோது, பெரிய கிராணி பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் குரலை உயர்த்தமாட்டார்.

“ஏழாம் நம்பர் அறையிலை ஒரு தமிழ் மனுசி வருகுதாம். பினாங்கு. தனிய. உமக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியவில்லை. ஏதோ துரைசானியின் ஆயாவாக இருக்கும் என்றேன்.

“இல்லை. டிக்கெட் அவவின்ரை பேரிலைதான் கிடக்கு. விற்கக்கூடாதெண்டு சட்டமில்லை. கவனமாப் பாரும்.”

எதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, கறுத்த, திடமான உடம்பு. அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். காலில் புத்தம் புதிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அது பழக்கமில்லாததால் காலை அகட்டி வைத்து ஏணியில் இறங்கி வந்தார். கையில் அந்த அச்சடித்த தாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தமிழா?”

“ஆமாங்கம்மா.”

“நல்லதாப் போச்சு. ஆறு எடம், இல்ல தம்பி?”

அவருக்குப் படிக்கத் தெரியாது. பினாங்கில் கப்பல் கம்பெனியில் வேலை செய்த ஒரு சீனக் கிராணி, அவரிடம் தினமும் பால் வாங்குகிறவர், டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, தாளையும் மலாயில் படித்துச் சொல்லியிருக்கிறார். அம்மாள் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு ஆறையும் என்னிடம் ஒப்பித்தார். ஒன்றும் தப்பவில்லை.

முதல் சிக்கல் கார் ஏறும்போதே வந்தது. மூன்று கார்களில் மூன்று மூன்று பேராகத் துரைகளும் துரைசானிகளும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவது காரில் ஒரு கிழத் துரையும் அவர் மனைவியும் இருந்தார்கள். அம்மாள் அந்தக் காரை நோக்கி நடந்ததும், துரை இறங்கி மூன்றாவது காரில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியும் பின்னாலேயே போனார். ஆக, முதல் மூன்று கார்களில் பதினொரு பேர். கடைசிக் காரின் பின்சீட்டில் அம்மாள் மட்டும். முன்னால் டிரைவர் அண்ணனும் நானும்.

“தாராளமா இருக்கு” என்றார் அம்மாள்.

கிள்ளான் பாலத்தைத் தாண்டிக் கோலாலம்பூர் போகும் வழியெல்லாம் ரப்பர்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மாடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். “இது கறக்காது”, “அதுக்குச் சீக்கு” என்று அவ்வப்போது ஒரு வார்த்தை. பினாங்கில் அவருக்கு முப்பது மாடுகள். புருஷன் உயிரோடு இருந்தபோது இரண்டுதான் இருந்தன. அவர் போன பிறகு இருபத்தெட்டு சேர்ந்தது என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டுப் பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தார்.

ரயில் நிலையத்தை அண்ணாந்து பார்த்து, “இது கோயிலா?” என்று கேட்டார். மியூசியத்தில் பாடம் செய்து வைத்திருந்த முதலையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பத்துமலையில் மரப்படிகளின் அடியில் ஷூவைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். துரைசானிகள் பாதிப் படியில் குடையோடு நின்று மூச்சு வாங்கியபோது அவர் உள்ளே போய்ச் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

குகை வாசலில் ஒரு நடுவயதுத் துரைசானி படம் வரைகிற நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். ஏதோ பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாளைச் சற்று நிற்கச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். அம்மாள் நின்றார். கால் மணி நேரத்தில் படம் முடிந்தது. அம்மாள் வாங்கிப் பார்த்தார்.

“என்னா தம்பி, மூக்கை இப்படிக் கத்திரிக்கா மாதிரி போட்டு வச்சிருக்கு?”

துரைசானி என் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார்” என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரைசானிக்குச் சந்தோஷம். நன்றி சொன்னார். அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கத்திரிக்காய் மூக்கு என்று சொன்னால் யாரும் நன்றி சொல்லமாட்டார்கள் என்பது தெரியும்.

மூன்றரை மணிக்குக் கிளப்புக்கு வந்தோம். கார்கள் முகப்பில் நின்றன. துரைகள் இறங்கி உள்ளே போனார்கள். அம்மாளும் ஷூவைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். படியில் நின்ற கிளப் ஊழியர் நேரே என்னிடம் வந்தார். அவரும் தமிழர்தான், வெள்ளை உடுப்பும் இடுப்பில் பட்டையும் போட்டவர்.

“அண்ணே, அந்தம்மா உள்ள வரக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா? செக்ரட்டரி துரை பாத்தா என் வேலை போயிடும்” என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குத் தெரியும். காலையில் பட்டியலைப் பார்த்தபோதே தெரியும். எனக்கும் டிரைவர்களுக்கும் அங்கே எப்போதும் பின்பக்கம்தான், சமையலறை ஓரமாகத் தகரக் குவளையில் டீ. நாள் முழுவதும் இந்த மூன்றரை மணியை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், ஏதாவது ஆகி அம்மாளே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று.

அவர் அருகில் போய், “அம்மா, டீ தீந்து போச்சாம்” என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வெள்ளை விரிப்பு, கோப்பைகள், கேக் தட்டு, பெரிய வெள்ளிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

“தீந்து போச்சா?”

“ஆமாங்கம்மா. நம்ம பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துலதான். நல்ல காப்பிக் கடை இருக்கு, வாங்க போயிட்டு வரலாம்.”

“உனக்குப் பசிச்சா நீ போ தம்பி.”

காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் பின்பக்கம் போகவில்லை. காரிலும் உட்காரவில்லை. மரத்தடியில் நின்றேன். திரும்பும் வழியில் அவர் மாடுகளைப் பார்க்கவில்லை.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆற்றில் கடல் தண்ணீர் ஏறுவதற்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. ஏற்றம் வந்தவுடன் கப்பல் கிளம்பிவிடும். எல்லாரும் ஏணியில் ஏறினார்கள். கடைசியாக அம்மாள். இரண்டு படி ஏறியவர் திரும்பி என்னைப் பார்த்தார். “மேல வா. கேப்டன்கிட்ட பேசணும்.”

“என்ன பேசணும்மா? எங்கிட்ட சொல்லுங்க, நான் அப்புறமா...”

“வா தம்பி.”

மேல்தட்டில் பிரம்பு நாற்காலிகளைக் கடல் பக்கமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். பயணிகள் பாதிப் பேர் அதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் செம்பட்டை மீசைக்காரர், பருத்த ஆள். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, கீழே ரப்பர் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாளைப் பார்த்ததும் மலாயில் என்ன விஷயம் என்று கேட்டார். அம்மாள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பினார்.

“மலாயில சொன்னா வெளையாட்டா எடுத்துக்குவாரு. நீ இங்கிலீஷ்ல சொல்லு. ஆனா நான் சொல்றதை அப்படியே சொல்லணும். எனக்கும் மலாய் தெரியும், அவருக்கும் மலாய் தெரியும். நீ மாத்துனா நான் அவருகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்.”

தலையை ஆட்டினேன்.

“இந்தப் பேப்பர்ல ஆறு போட்டிருக்கு.”

சொன்னேன்.

“அஞ்சு பாத்தாச்சு. நல்லா இருந்துச்சு. ஆறாவது டீ. அது எனக்குக் குடுக்கல.”

சொன்னேன். கேப்டன் கம்பியிலிருந்து நிமிர்ந்து நின்றார்.

“டீ தீந்து போச்சுன்னு இந்தத் தம்பி எங்கிட்ட சொன்னான். அது பொய்.”

நான் நிறுத்தினேன். கீழே யாரோ மூட்டையைத் தொப்பென்று போடும் சத்தம் கேட்டது. பின்னால் நாற்காலிகளில் பேச்சு அடங்கியிருந்தது.

“அதையும் சொல்லு” என்றார் அம்மாள்.

“தேநீர் தீர்ந்துவிட்டது என்று நான் இவரிடம் சொன்னேன். அது பொய் என்று இவர் சொல்கிறார்” என்றேன்.

“பொய்யா?” என்று கேட்டார் கேப்டன்.

“ஆமாம்.”

“ஏன்?”

அந்தக் கேள்விக்கு வேறு நாளாக இருந்தால் பத்து பதில் வைத்திருப்பேன். அவர்களுக்குப் பிடிக்கும்படி பேசுவதுதானே என் வேலை. அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன்.

“கிளப்பில் இவரை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அதை இவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.”

அம்மாளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. “என்ன சொன்னே?” என்று கேட்டார். தமிழில் அதையே சொன்னேன். அவர், “ம்” என்றார்.

கேப்டன் பயணிகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அநேகம் பேர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தன் கப்பலில் ஒரு புகார் எழுந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஹைனான் சீனரான சமையல் ஆளைக் கூப்பிட்டு, உடனே இங்கேயே தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னிடம், “நாளைக்கு மலாக்காவில் நம்மிடம் தமிழ் தெரிந்த ஆள் யாரும் இல்லை. அங்கேயும் இப்படி ஒன்று நடக்க வேண்டாம். நீ கூட வா. உன் ஏஜெண்டுக்கு நான் சீட்டு எழுதுகிறேன்” என்றார்.

உத்தரவா, கேள்வியா என்று யோசிக்கவே நேரமில்லை. ஏணிக்கு ஓடி, கீழே நின்ற டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே! நான் கப்பல்ல போறேன். வீட்ல சொல்லிடுங்க. ரெண்டு நாள்ல வந்துருவேன்!”

“எங்க போறே?”

சங்கு ஊதியது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

தேநீர் வந்தது. வெள்ளைக் கோப்பை, தட்டில் நான்கு பிஸ்கட். அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

“தண்ணியா இருக்கு. இதுக்கா இவ்வளவு?” என்றார். ஆனால் முழுவதும் குடித்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “உக்காரு.”

“இருக்கட்டும்மா.”

“நின்னுகிட்டே மலாக்கா வரைக்கும் வருவியா? உக்காரு.”

உட்கார்ந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி இருந்த கிழத் துரை எழுந்து தன் அறைக்குப் போனார். படம் வரைந்த துரைசானி போகவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மாகிட்ட மூக்கைப் பத்தி நான் சொன்னதையும் இப்ப சொல்லிடு” என்றார் அம்மாள்.

சொன்னேன். கத்திரிக்காய்க்கு இங்கிலீஷில் என்ன என்று அவசரத்தில் வரவில்லை. ஊதாவாக, நீண்டு, காம்போடு இருக்கும் காய்கறி என்று கையால் காட்டினேன். துரைசானி ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ரப்பரை எடுத்துக்கொண்டு அம்மாளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, மூக்கை அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார். அம்மாள் இரண்டாவது மூக்கை ஒப்புக்கொண்டார்.

கப்பல் அலையாத்திக் காடுகளைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. அம்மாள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்தைப் பார்த்தார். அங்கே பாய் விரித்துக் கொஞ்சம் தமிழ் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“நாகப்பட்டினத்துலேருந்து நான் அப்படித்தான் வந்தேன். பெரிய கப்பல். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்” என்றார். “மேலேருந்து ஒரு துரைசானி பிஸ்கட்டா எறிஞ்சா. பிள்ளைங்க எல்லாம் விழுந்து அடிச்சு எடுத்துச்சுங்க. நானும் எடுத்தேன். தின்னுகிட்டே அண்ணாந்து பாத்தேன். அவளோட தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுது. மேல என்ன இருக்குன்னு ஒண்ணும் தெரியல.”

“அதுக்காகவா டிக்கெட் எடுத்தீங்க?”

“பின்ன? எனக்கு மலாக்காவில யாரு இருக்கா?”

“இப்ப பாத்துட்டீங்களே. எப்படி இருக்கு?”

அவர் சுற்றும் பார்த்து யோசித்தார்.

“நாக்காலி இருக்கு. கீழ காத்து வராது, இங்க வருது. அவ்வளவுதான்.”

அன்று நான் கீழ்த்தளத்தில் அந்த ஜனங்களோடு படுத்துக்கொண்டேன். ஒரு கங்காணி தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தார். அம்மாள் சொன்னது சரி. காற்று வரவில்லை.

மலாக்காவில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு, படகில் இறக்குவார்கள். காலையில் ஆடுகிற ஏணியில் இறங்கும்போதுதான் அம்மாள் பயந்து நான் பார்த்தேன். ஷூ இரண்டையும் நாடாவால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முருகனைக் கூப்பிட்டார். கரையில் கால் வைத்ததும் பழையபடி ஆகிவிட்டார். மேட்டில் கூரை இல்லாத மாதா கோயிலுக்குப் போனோம். இடிந்த கோட்டை வாசலைப் பார்த்தோம். எனக்கும் அதெல்லாம் புதிது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதற்கும் வயது சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு ஊர் பார்ப்பது எவ்வளவு சுகமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு ஒரு தங்கும் விடுதியில். இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ‘இவரும் டிக்கெட் வாங்கியவர். இவருக்கு இல்லை என்றால் அதை இவரிடம் நீங்களே சொல்லுங்கள்.’ விடுதியை நடத்திய சீனக் கிழவர் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். அம்மாளைப் பார்த்து, “ஜன்னல் பக்கம் காற்று வரும்” என்று மலாயில் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அவ்வளவுதான். என் ஒத்திகை வீணாகப் போனது. அதே பதினொரு பேரும் அதே அறையில் சாப்பிட்டார்கள். மீன் நன்றாக இருந்தது. அம்மாள் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

படகுத்துறையில் சிங்கப்பூருக்கான தாளை என்னிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். எட்டு வரி இருந்தது. மூன்று முறை படித்தேன். இரண்டு கையிலும் விரல்களைத் தொட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

“அங்க தமிழ் ஆளு இருப்பாங்களா?”

“இருப்பாங்கம்மா. நிறைய.”

“சரி. வரேன் தம்பி.”

படகு கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் தம்பின் என்ற ஊரில் ரயில் மாறி, மறுநாள் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். டிரைவர் அண்ணன் வந்து சொன்னது ஒரே வரிதான்: “கப்பல்ல ஏறிப் போயிட்டாரு.” எங்கே, எதற்கு, எப்போது வருவார் என்று ஒன்றுமில்லை. ஒரு பொம்பளையோடு போனார் என்பது மட்டும் வேறு யார் வழியாகவோ சேர்ந்திருந்தது. என் மனைவி அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள். அப்பா ஈசிசேரில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு அவ?” என்றாள் என் மனைவி.

“அம்பத்தஞ்சு வயசு. முப்பது மாடு இருக்கு” என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் விஷயத்தைப் புரியவைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: “டீ இல்லன்னு பொய் சொன்னீங்களா? அந்தம்மா மூஞ்சியப் பாத்தா சொன்னீங்க?”

ஏஜெண்ட் துரை என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் கிழத் துரை அவருக்குப் புகார் எழுதிப் போட்டிருந்தார். ‘கப்பலில் எல்லார் முன்னாலும் நடந்துகொண்ட விதம்’ என்று ஏஜெண்ட் ஏதோ சொன்னார். ஊர் காட்டும் வேலை ஒரு யூரேஷியப் பையனுக்குப் போனது. என்னைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த முறை அச்சடித்து வந்த தாளில் எங்கள் துறைமுகத்துக்கு ஐந்து வரிகள்தான் இருந்தன. பெரிய கிராணி அதை என் மேஜையில் வைத்துவிட்டு, “கண்டீரோ?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கிடங்கில் மூன்று வருஷம் இருந்தேன். இங்கிலீஷ் பேச வேண்டிய வேலை அங்கே அதிகம் இல்லை. மலாய்க்காரத் தொழிலாளிகள் மேகத்தைப் பார்த்து, எத்தனை மணிக்கு மழை வரும் என்று சொல்வார்கள். நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். நான் அங்கே இருந்த முதல் வருஷத்தில்தான் எங்கள் மூத்த பெண் பிறந்தாள்.